ஒன்னுமில்ல சார்

2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு கோப்பை மூடினேன். கடைசித் தாளில் ‘செலசாய்’ என்று மலாயில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். முடிந்தது, தீர்ந்தது என்று பொருள். அந்தக் கோப்புக்குரிய பையனுக்கு அப்போது வயது 10. என்னை நம்பி வாய் திறந்த அவனுக்கு நான் துரோகம் செய்தேன். நான் செய்தது துரோகம் என்று தெரிந்த பிறகும் அந்தத் தாளைத் திருத்தவில்லை. என் மனைவிக்குக்கூட இதில் பாதிதான் தெரியும். இப்போது பணி ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

பையனின் பெயர், பள்ளியின் பெயர், தோட்டத்தின் பெயர் எதையும் இங்கே சொல்ல மாட்டேன். தவறு என்னுடையது. அவர்களை இதில் இழுப்பது முறையில்லை.

மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. குபு, பாயா ரும்புட் போன்று நகரத்தையொட்டி இருப்பவை சில. மற்றவை ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங், புலாவ் செபாங் பக்கம் சிதறிக் கிடப்பவை. பல பள்ளிகளின் பெயரில் இன்னும் ‘தோட்டம்’ இருக்கிறது. தோட்டத்தில்தான் நம் சனங்கள் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போயின. பிள்ளைகள் மட்டும் காலையில் வேனில் ஏறி, செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கும் பள்ளிக்கு வருகிறார்கள். நான் வேலை பார்த்ததும் அப்படிப்பட்ட ஒரு பள்ளிதான். அந்த ஆண்டு 90 சொச்சம் மாணவர்கள். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் மட்டும் இன்னும் லயத்து வீடுகளில் இருந்தன.

நம் நாட்டில் இடைநிலைப்பள்ளிகளுக்கு 1996இலும், தொடக்கப்பள்ளிகளுக்கு 2000ஆம் ஆண்டு வாக்கிலும் முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் வந்தார்கள். தொடக்கப்பள்ளி என்றால் 350 மாணவர்களாவது இருக்க வேண்டும் என்பது அப்போதைய கணக்கு. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் 350 பேருக்கு எங்கே போவது? இருக்கிற ஆசிரியர்களில் ஒருவரின் தலையில் அந்தப் பொறுப்பை வைப்பார்கள். எங்கள் பள்ளியில் அது என் தலையில் விழுந்தது. நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை கணிதம், மாலையில் பந்து விளையாட்டு, கட்டொழுங்கு, அதோடு வழிகாட்டலும் ஆலோசனையும். குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள்.

நூலகத்தை ஒட்டிப் பழைய நாற்காலிகள் அடுக்கியிருந்த அறையில் பாதியை ஒழித்துக் கொடுத்தார்கள். வாசலில் ‘பிலிக் கவுன்சலிங்’ என்று பலகை மாட்டினோம். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி. அலமாரியின் மேல்தட்டில் ஆலோசனைக் கோப்புகள், கீழ்த்தட்டில் ரோத்தான் என்ற பிரம்பு. 1959ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி தலைமையாசிரியரோ அவர் அனுமதித்த ஆசிரியரோதான் பிரம்பைத் தொடலாம். எங்கள் பள்ளியில் அந்த அனுமதி எனக்கு இருந்தது. ஒரே ஆள், ஒரே அலமாரி. காலையில் உள்ளங்கையில் அடி வாங்கிய பிள்ளை மத்தியானம் அதே அறைக்கு வந்து மனம் விட்டுப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தேன். வகுப்பிலும் “சேட்டை பண்ணா கவுன்சலிங் ரூமுக்கு அனுப்பிருவேன்” என்று ஆசிரியர்கள் மிரட்டுவார்கள். நானும் மிரட்டியிருக்கிறேன்.

பையன் நான்காம் ஆண்டு. திங்கட்கிழமை சபைகூடலில் தேசிய கீதமான நெகாராகூ பாடி முடிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவான். முதல் இரண்டு தடவை, கணக்கு வீட்டுப்பாடம் செய்யாததற்குச் சாக்கு என்று நினைத்து அதட்டினேன். மூன்றாம் தடவை முகமெல்லாம் வேர்த்திருந்தது. அறைக்குக் கூட்டிப் போய்ச் சட்டையைத் தூக்கிக் கோடாரித் தைலம் தடவினேன். வயிறு கல் மாதிரி இறுகியிருந்தது. கிளினிக்குக்கு அனுப்பினோம். ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கோப்பைத் திறந்து, வயிறு வலித்த தேதிகளை எழுதிக்கொண்டு வந்தேன். எல்லாம் திங்கட்கிழமை. ஒவ்வொரு தேதிக்கும் அடுத்ததற்கும் சரியாக 14 நாள் இடைவெளி. அந்த 14 நாள் என் கண்ணில் படவே இல்லை. பள்ளிக்கூடம் பிடிக்காத பையன், திங்கட்கிழமை நோய் என்று முடிவு கட்டியிருந்தேன். முடிவு கட்டிய பிறகு கணக்கை யார் பார்க்கிறார்கள்?

சின்னப் பிள்ளைகளுக்குத் துக்கத்தைச் சொல்ல வார்த்தை போதாது. அவர்களுக்குப் பதிலாக உடம்பு சொல்லும். வயிற்று வலி, தலைவலி, பாயை நனைப்பது, வகுப்பில் தூங்கி விழுவது எல்லாம் அந்தப் பேச்சுதான். இதைப் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். குறிப்பும் எடுத்தேன். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, 5 வயதிலிருந்து 15 வயது வரை உள்ள நம் நாட்டுப் பிள்ளைகளில் 7.9 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய 4 லட்சத்து 24 ஆயிரம் பேருக்கு, மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. அதைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கல் மாதிரி இறுகியிருந்த அந்த ஒரு வயிறுதான்.

அவனை வாரத்துக்கு ஒரு தடவை ஓய்வு நேரத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. நான்காம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, தன் பென்சில் டப்பாவைத் திறந்து அடியில் மடித்து வைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பினான். பஸ் டிக்கெட்டுகள். பாதிக்கு மேல் மை வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன. வெளுக்காதவற்றில் லார்கின்–மலாக்கா என்று படிக்க முடிந்தது. லார்கின் ஜொகூர் பாருவின் பஸ் நிலையம்.

அவன் அம்மா சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜொகூர் பாருவில் நாலைந்து பெண்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கி, விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் பாலத்தைக் கடந்து ஒரு தொழிற்சாலைக்குப் போகிறவர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார். வரும்போதெல்லாம் தான் வந்த பஸ்ஸின் டிக்கெட்டைப் பையனிடம் கொடுப்பாராம். “சொன்ன மாதிரி வந்துட்டேன்ல, இந்தா” என்பாராம். போகும் டிக்கெட் ஒன்றுகூட அவனிடம் இல்லை. வந்த டிக்கெட்டுகளை மட்டும் சேர்த்து வைத்திருந்தான்.

அப்பாவைப் பற்றியும் சொன்னான். செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். இடுப்பில் அடிபட்ட பிறகு அந்த வேலை முடியவில்லை. கிடைத்த கொந்திராக் (ஒப்பந்த) வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மா பஸ் ஏறிய ராத்திரி சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிப்பார், கத்துவார், பாத்திரத்தை உடைப்பார், அப்புறம் அழுவார். அப்பா அழுவதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கும் என்றான். அதனால் தோட்டத்து முச்சந்தியில் இருக்கும் பஸ் நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வானாம், அம்மா ஏறின இடத்தில். எத்தனை மணி வரைக்கும் என்று கேட்டேன். “நாயெல்லாம் கொரைக்கிறத நிறுத்துற வரைக்கும்” என்றான்.

“யாருகிட்டயும் சொல்லிராதீங்க சார்.”

“சொல்லமாட்டேன்யா. சத்தியமா.”

என் முதல் தவறு இந்தச் சத்தியம். 10 வயதுப் பிள்ளை ராத்திரியில் தனியாகச் சாலையோரம் உட்கார்ந்திருப்பதைக் கேட்ட ஓர் ஆசிரியர், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் ஆலோசனையில் கேட்டதை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. பிள்ளையின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் ரகசியம் பின்னால் போய்விடும். அப்போது சொல்லத்தான் வேண்டும். யாரிடம், எப்போது, எப்படி என்பதில்தான் ஆலோசகரின் வேலையே இருக்கிறது. நான் சட்டப்படி பதிந்த ஆலோசகன் இல்லை. ஆனாலும் இந்த விதி எனக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தபோது, நான் நல்லவனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை விதியை விடப் பெரிதாக இருந்தது.

இரண்டாவது தவறு அதே வாரம் வெள்ளிக்கிழமை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை. தீபாராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் அவன் அப்பாவைப் பார்த்தேன். குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். குடிக்கவில்லை. பக்கத்தில் கோயில் கமிட்டிக்காரர் ஒருவரும் இன்னொருவரும் நின்றிருந்தார்கள். அவரைத் தனியே கூப்பிட்டிருக்கலாம். இன்னொரு நாள் பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை.

“என்னங்க, அம்மா ஊருக்குப் போனா நீங்க குடிச்சிட்டு ரகளை பண்றீங்களாமே. பையன் ராத்திரி பஸ் ஸ்டாப்புல போய் ஒக்காந்திருக்கான். இதெல்லாம் நல்லாவா இருக்கு?” என்றேன்.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமலே மற்ற இருவருக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் அங்கே வைத்துப் பேசினேன். இதை ஒத்துக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை ஆண்டு ஆயிற்று. சார் தலையிட்டு ஒரு குடும்பத்தைச் சரி பண்ணினார் என்று தோட்டம் பேச வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. வாத்தியார் என்றால் எழுந்து நிற்கிற தலைமுறையில் வளர்ந்தவன் நான். அந்த மரியாதையை இன்னொருவர் மானத்தை எடுத்து வாங்கினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “சரிங்க சார்” என்றார். இரண்டாம் முறையும் “சரிங்க சார்” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், இன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று சொன்னேன். அவள் அறிந்த பாதி இதுதான்.

அதற்கடுத்து அம்மா வந்துபோன மறுநாள், திங்கட்கிழமை, பையன் சபைகூடலில் நேராக நின்றான். வயிற்று வலி இல்லை. இரண்டு வாரம் கழித்தும் இல்லை. மாதம் ஒன்றாயிற்று. அறைக்குக் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

“ஒன்னுமில்ல சார்.”

அப்பா குடிக்கிறாரா?

“ஒன்னுமில்ல சார்.”

எனக்கு மகிழ்ச்சி. கோப்பில் ‘செலசாய்’ எழுதியது அன்றைக்குத்தான். அதோடும் நிற்கவில்லை. அந்த மாதமே நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில், சின்னப் பள்ளியிலும் ஆலோசனைப் பணி வெற்றி பெறும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதையைப் பெயர் சொல்லாமல் பேசினேன். பெற்றோரைத் துணிச்சலோடு சந்தித்தேன், மாணவனின் வயிற்று வலி நின்றது என்றேன். கை தட்டினார்கள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பள்ளித் திடலில் பந்துப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது அவன் அம்மா என்னைத் தேடி வந்தார். ராத்திரி வர வேண்டியவர் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்திருந்தார். தோளில் பை அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோயிலிலிருந்து திரும்பிய ராத்திரி கணவர் பையனைப் பெல்ட்டால் அடித்ததையும், வீட்டு விஷயத்தை வெளியே சொல்வாயா என்று கேட்டுக் கேட்டு அடித்ததையும், புத்தகப் பையைத் தூக்கி வெளியே வீசியதையும் ஒரே மூச்சில் சொன்னார். பக்கத்து லயத்து அக்கா போய்த் தடுத்திருக்கிறார். அந்த அக்காதான் அம்மாவுக்குச் சொன்னது. பையன் சொல்லவில்லை.

“உங்ககிட்ட பேசுறேன்னு அவன் எங்கிட்ட சொன்னான் சார். போன்ல சொன்னான். சரி, எம்புள்ளைக்கு ஒரு ஆளு கெடச்சிட்டாருன்னு நெனச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்.”

அந்தக் கோப்பில் அம்மாவின் கைப்பேசி எண் இருந்தது. முதல் பக்கத்திலேயே இருந்தது. கணவனை ஊரறியக் கண்டிக்கத் தோன்றிய எனக்கு, மனைவியைக் கூப்பிட்டுப் பேசத் தோன்றவில்லை. வெளியூரில் வேலைக்குப் போகும் தாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. அதை யாரிடமும் வாய் விட்டுச் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் அது என்னை நடத்தியது.

அவரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்.” மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “சரிங்க சார்” என்றார். கணவர் கோயிலில் சொன்ன அதே இரண்டு வார்த்தை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் பையனைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். அவன் கண்ணைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. ஒரு சின்னப் பையனிடம் ஆசிரியர் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று என்னவோ தடுத்தது. பேச்சை மாற்றி, பாடமெல்லாம் எப்படிப் போகிறது என்றேன். “நான் ஒங்ககிட்ட மட்டும்தானே சார் சொன்னேன்” என்றான். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஐந்தாம் ஆண்டு பாதியில் அவனைப் பள்ளி மாற்றி ஜொகூருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அதுவரை நான் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: ஒன்னுமில்ல சார்.

அந்தப் பதிலை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். வயிற்று வலி குணமானது என்று நான் கூட்டத்தில் பெருமை பேசினேன். உண்மையில் வலியை வெளியே காட்டக் கூடாது என்று அவன் கற்றுக்கொண்டிருந்தான். உண்மை தெரிந்த பிறகாவது அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களிடம் போய், நான் சொன்னது தவறு என்று சொல்லியிருக்க வேண்டும். என் பேச்சைக் கேட்டுவிட்டு வேறு எந்த ஆசிரியராவது வேறு எந்தப் பிள்ளையின் அப்பாவையாவது இப்படிக் கோயில் வாசலில் நிறுத்தினாரோ என்னவோ. அந்தப் பயம் இன்றைக்கும் என்னோடு இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஓய்வு பெறும் வரை அந்தப் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. வெட்கத்தில் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற பெண்மணி பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சிகிச்சை பற்றி 1947இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் எட்டு நெறிகள் வகுத்திருக்கிறார். பிள்ளை முன்னே போக வேண்டும், பெரியவர் பின்னே போக வேண்டும் என்பது ஒன்று. எதையும் அவசரப்படுத்தக் கூடாது என்பது இன்னொன்று. படித்தபோது என் வெள்ளிக்கிழமை கண்ணுக்கு முன்னால் வந்தது. செவ்வாய்க்கிழமை கேட்டதை வெள்ளிக்கிழமைக்குள் தீர்க்கப் பார்த்தேன். நான்கு வாரம் காத்திருந்து பேசிய பிள்ளைக்காக, மூன்று நாளுக்கு மேல் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

ரோத்தானை அந்த அலமாரியிலிருந்து எடுத்துத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பினேன். கட்டொழுங்குப் பொறுப்பை வேறு ஆசிரியருக்கு மாற்றித் தரும்படி கேட்டு வாங்கினேன். யாராவது பிள்ளை உள்ளே வந்து உட்கார்ந்தால், பேச்சு தொடங்குவதற்கு முன்னாலேயே இப்படிச் சொல்லப் பழகினேன்: “நீ சொல்றத நான் வெளிய சொல்லமாட்டேன். ஆனா ஒனக்கு ஏதாவது ஆபத்துன்னா நான் சொல்லியே ஆகணும். யாருகிட்ட சொல்லப் போறேன், என்ன சொல்லப் போறேன்னு மொதல்ல ஒன்கிட்டதான் சொல்லுவேன்.” இதைக் கேட்டுவிட்டுச் சில பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார்கள். போகட்டும். பொய்ச் சத்தியத்தை நம்பிப் பேசுவதைவிட அது நல்லது. பெரும்பாலோர் மறுவாரம் திரும்பி வந்தார்கள்.

பெற்றோர் விஷயத்திலும் என் வழி தவறு என்று புரிந்தது. நான் அந்த அப்பாவைத் திருத்தப் போனேனே தவிர, அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது? வேலை கிடைக்கிறதா? வீட்டுக்காரி இல்லாமல் பையனை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டிருந்தாலும் அந்த ராத்திரி வேறு மாதிரி போயிருக்கலாம். நீளக் கம்பில் கத்தி கட்டிக் குலை வெட்டியவன், ஒரு நாள் அந்தக் கம்பைத் தூக்க முடியாமல் நிற்கிறான். மனைவியின் சிங்கப்பூர்க் காசில் சாப்பிடுகிறான். அவனுக்கு ஊர் எதிரில் நான் கொடுத்தது இன்னும் ஓர் அடி. அந்த அடி ராத்திரி பிள்ளைமேல் இறங்கியது. பெல்ட்டால் அடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தக் கையை ஓங்க வைத்ததில் எனக்குப் பங்கு இருக்கிறது என்கிறேன்.

பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய நிலைமை என்றால் அதற்கு வழி இருந்தது. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் இருந்தது. மாவட்டச் சமூகநல இலாகா இருந்தது. 15999 என்ற உதவித் தொலைபேசி எண்ணும் அப்போதே இருந்தது. கூப்பிட்டால் இரவு பகல் எந்நேரமும் ஆள் எடுப்பார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லி, அம்மாவை வரவழைத்து, மூவரும் உட்கார்ந்து பேசி, பக்கத்து லயத்து அக்கா வீட்டில் ஞாயிறு ராத்திரிகளில் பையன் படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கலாம். அந்த அக்கா அடிதடிக்குள் புகுந்து தடுத்தவர். கேட்டிருந்தால் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்?

சின்னப் பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசகர் வேண்டும் என்று நான் பலமுறை பேசியிருக்கிறேன், இன்றும் பேசுவேன். 90 பிள்ளைகள் உள்ள பள்ளியில் 350 பிள்ளைகள் உள்ள பள்ளியைவிடத் துக்கம் குறைவாகவா இருக்கும்? இரண்டு மூன்று பள்ளிகளுக்குச் சேர்த்து, பயிற்சி பெற்ற ஒருவரைக் கொடுத்தால்கூடப் போதும். பிரம்பு பிடிக்காத, மதிப்பெண் போடாத, கோயில் கமிட்டியில் இல்லாத ஒருவர். ஆனால் இந்தக் குறையின் பின்னால் நான் ஒளிந்துகொள்ள மாட்டேன். ஒருவரைத் தனியே கூப்பிட்டுப் பேச, ஒரு தாய்க்குப் போன் போட, தப்பு நடந்தால் மன்னித்துக்கொள் என்று சொல்ல முழுநேரப் பதவி தேவையில்லை.

2024இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மகளை வழியனுப்ப மலாக்கா சென்ட்ரலுக்குப் போயிருந்தேன். பஸ் கிளம்பியதும் திரும்பினேன். “வணக்கம் சார்” என்று ஒரு குரல். நல்ல உயரம், தாடி, முதுகில் பை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவனே சொன்னான். ஒரு கல்யாணத்துக்காக மலாக்கா வந்தவன், லார்கின் பஸ்ஸுக்குக் காத்திருந்தான். அவனும் இப்போது சிங்கப்பூரில்தான் வேலை. அம்மா வேலையை விட்டுவிட்டார். அப்பா காலமாகி நாலு வருடம் ஆகிறதாம்.

“எப்படிப்பா இருக்க?”

“ஒன்னுமில்ல சார், நல்லாருக்கேன்.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் 13 வருடம் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. தப்புப் பண்ணிட்டேன்யா, ஒனக்குச் சத்தியம் பண்ணிட்டு ஒங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன், என்னை மன்னிச்சிரு என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பதறவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

“அன்னிக்கு அப்பாகிட்ட என்னென்ன சொன்னீங்க சார்? எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

கோயில் வாசல், செருப்பு மாட்டும் இடம், பக்கத்தில் யார் யார், நான் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் 10 வயதில் பேசியபோது நான் அப்படிக் கேட்கவில்லை.

“டிக்கெட்ட பத்திச் சொல்லலையா சார்?”

“இல்லப்பா. அதைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லல.”

அவன் வேறு பக்கம் பார்த்தான். அந்த ராத்திரி அப்பா பையைக் கவிழ்த்ததையும், பென்சில் டப்பா திறந்துகொண்டதையும், எல்லா டிக்கெட்டையும் பொறுக்கி அடுப்பில் போட்டதையும் மெதுவாகச் சொன்னான். அடி வாங்கியது ஒரு வாரத்தில் மறந்துவிட்டதாம். டிக்கெட் பற்றி நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று இத்தனை ஆண்டு நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வேறு யாருக்கும் அது தெரியாதே.

என் துரோகம் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றே இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். அவனுக்கு எது போயிற்று என்று அவனிடம் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

லார்கின் பஸ் வந்தது. கிட்டத்தட்ட 20 டிக்கெட்டையும் நான் பத்திரமாக வாங்கி அலமாரியில் வைத்திருந்திருக்கலாம் என்று அவனிடம் சொன்னேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் படியில் கால் வைத்தவன் திரும்பி, “இருபத்திரெண்டு சார்” என்றான்.

கோப்பில் நான் எழுதி வைத்திருந்ததும் ‘கிட்டத்தட்ட 20’ என்றுதான். அவன் என் எதிரே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கணக்கு வாத்தியார் நான், எண்ணிப் பார்க்கவில்லை.